வேண்டாம் என்று சொல்லும் கடை



லண்டனுக்குப் போகும் பெட்டியில் கருவாடு போகலாம், பால்கோவா போகக் கூடாது. நானாகச் சொல்லவில்லை, பிரிட்டன் அரசின் விதி அப்படி. நம் ஊரிலிருந்து போகிறவர் இறைச்சியும் கொண்டுபோக முடியாது. மீனுக்கு மட்டும் என்னவோ தாராளம்: சுத்தம் செய்ததோ காயவைத்ததோ, ஆளுக்கு 20 கிலோ வரை. இலை தழை பலவற்றுக்குப் பயிர்நலச் சான்றிதழ் எங்கே என்பார்கள். ஆரஞ்சு விளைகிற நாடுகளுக்கோ கறிவேப்பிலை மேல் தனிக் கோபம். அந்தச் செடியில் ஒண்டி வாழும் எள்ளளவு பூச்சி ஒன்று ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைச் சுமந்து போகுமாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை அந்த நோய்தான் படுக்க வைத்தது. ரசத்தில் ஒதுக்கித் தள்ளுகிற இலைக்கு இத்தனை வீரம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

ஆகவே சென்ற நவம்பரில் என் பெட்டியில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு போயிற்று. கட்டிக் கொடுத்தது மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அம்மா. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கவர் போட்டு, அதற்கு மேல் செய்தித்தாள் சுற்றி, டேப் ஒட்டி, “ஏரோபிளேன்ல எவனும் மோப்பம் புடிக்க மாட்டான், போம்மா” என்று ஆசீர்வாதமும் செய்தார். ஏரோபிளேனில் யாரும் பிடிக்கவில்லைதான். மகள் வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், அந்தக் குளிரில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தார்.

கடந்த ஆறு இதழ்களில் இந்தப் பக்கம் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்து எழுதப்பட்டது. மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தேன். ஆறு மாதம்தான் விசா. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இன்று என் வயதுப் பெண்களில் பாதிப் பேர் இப்படிப் போய் வந்தவர்கள்தான், கோயில் வாசலில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி “எப்போ திரும்பினே?” என்பதுதான். பேரன் பிறந்த சேதியை முன்பே சொல்லிவிட்டேன். வாழ்த்துக் கடிதம் போட்ட எல்லாருக்கும் நன்றி. அங்கே இருந்தபோது எழுதாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை இந்த முறை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். விஷயம் சின்னது: ஒரு மளிகைக் கடை.

*

மயிலாப்பூர் என்றாலே மாட வீதியும் தயிர்சாதமும்தான் பலருக்கு நினைவு வரும். கடற்கரை வரைக்கும் மயிலாப்பூர்தான். எங்கள் வீடு சாந்தோம் பக்கம். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் மாடிச் சுவரைத் தடவிக்கொண்டு போகும் தூரம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன் நொச்சிக்குப்பத்தில்தான். முதலில் எனக்குக் கருவாடு கட்டிக் கொடுத்த அம்மாவின் மாமியார் கூடையில் கொண்டு வருவார். பிறகு நான் கடற்கரையோர லூப் ரோட்டு மீன் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, என் மகள் பிறந்து. பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் அந்த மாமியார் வாழையிலையில் சுற்றி ஒன்று கொண்டு வந்தார். முழங்கை நீளம்தான் இருந்தது, மேலே சாம்பல், அடியில் வெள்ளை. பால் சுறா. காசு கேட்கவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று என் மாமியாரிடம் அடுக்களை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார், என் மாமியாருக்குத் தெரியாததுபோல.

செய்முறை தெரியாதவர்களுக்காக: துண்டு போட்டு, மஞ்சள் சேர்த்த நீரில் ஒரு கொதி விட வேண்டும். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் தோல் அப்போது தானாகக் கழன்று வரும். நடுவில் எலும்பு கிடையாது, வளைகிற குருத்து. அதை உருவி எறிய வேண்டும். மீதிச் சதையைக் கையில் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து உதிர்த்தால் வெள்ளை வெளேரென்று புட்டு மாவு மாதிரி நிற்கும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, மிளகுத்தூள். பிரசவித்தவளுக்கு என்றால் காரத்துக்குப் பச்சை மிளகாய் கிடையாது, மிளகு மட்டும். தாய்க்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், ஆங்கிலத்திலும் அந்தச் சுறாவுக்கு மில்க் ஷார்க் என்றுதான் பெயர். அதைத் தின்றால் பால் சுரக்கும் என்று இந்தியாவில் நம்பியதால் வந்த பெயர் அது என்று மீன் நூல்கள் சொல்கின்றன.

எனக்குப் பால் ஊறியது மீனாலா பூண்டாலா, அல்லது ஒரு பெண் காசு வாங்காமல் வாசல் வரை வந்து கொடுத்துவிட்டுப் போனதாலா, தெரியாது. ஆனால் என் மகளுக்கு அதைச் செய்து போட வேண்டும் என்று சென்னையிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

*

ஈஸ்ட் ஹாமில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். அந்தத் தெருவில் இறங்கி நடந்தால், குளிர் மட்டும் இல்லாவிட்டால், சென்னை ரங்கநாதன் தெருவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லிவிடலாம். நகைக் கடை, புடவைக் கடை, இட்லிக் கடை, நடுவில் மகாலட்சுமி கோயில். நான் சொல்லப்போகிற கடை பெரிய தெருவில் இல்லை, பக்கத்துத் தெருவில். வாசலில் வெங்காய மூட்டை மூன்று, அவற்றின் மேல் சாய்த்துவைத்த வாழைக்காய்ப் பெட்டி. கண்ணாடிக் கதவு முழுக்கக் காகிதம்: அரங்கேற்ற அழைப்பு, தேர்த் திருவிழா, அறை வாடகைக்கு, ஒரு மரண அறிவித்தல். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். நம் ஊரில் மளிகைக் கடைக்கு ஒரு வாசனை உண்டே, சாக்கும் பெருங்காயமும் கலந்து, அது அங்கே இல்லை. எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரே ஒரு மூலையில் மட்டும் வந்தது. அங்கே கருவாட்டுப் பெட்டி இருந்தது.

பிரிட்டனில் இப்படிப்பட்ட கடையை ஏஷியன் ஷாப் என்பார்கள். அங்கே ஏஷியன் என்றால் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளத்தார், இலங்கையர். அதே சொல்லை அமெரிக்காவில் சொன்னால் சீனக் கடைக்கோ கொரியக் கடைக்கோ வழி காட்டுவார்கள். ஒரே கண்டத்தை இரண்டு பேரும் இரண்டு விதமாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் இலங்கையின் பருத்தித்துறைக்காரர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த தலைமுறை. ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். முதல் நாள் நான் போய், “எலுமிச்சம்பழம் இருக்கா?” என்றேன். “தேசிக்காயோ அக்கா? உள்ளுக்கை கிடக்கு, பாருங்கோ” என்றார். பூண்டு கேட்டால் உள்ளி. சோம்பு கேட்டால் பெருஞ்சீரகம். காய்ந்த மிளகாய் அவருக்குச் செத்தல். காராமணியைக் கையில் எடுத்துக் காட்டினேன், பயித்தங்காய் என்றார். ரொட்டியைப் பாண் என்றபோது முதலில் விளங்கவில்லை. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்லாம். ஒரு பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் ‘கச்சான்’ என்று போட்டிருந்தது. எங்கள் கரையில் கச்சான் என்றால் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று. அதை எப்படி பாக்கெட்டில் அடைத்தார்கள் என்று திருப்பிப் பார்த்தால் வறுத்த வேர்க்கடலை! அவரிடம் சொன்னேன். “எங்கட ஊரிலையும் கச்சான் காத்து இருக்கு அக்கா. காத்தும் கச்சான்தான், கடலையும் கச்சான்தான்” என்று சிரித்தார். இரண்டு கரைக்கும் ஒரே காற்று, கடலை மட்டும் அவர்களுடையது.

மீனில்தான் நிஜமாகத் தடுமாறினேன். சென்னையில் வஞ்சிரம் என்று ஒரு சொல் தெரிந்தால் போதும், கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளைக்கு என்ஜினியர் என்கிற மாதிரி. அங்கே ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒவ்வொரு பொட்டலமும் கல்லாக உறைந்து கிடந்தது. ஆங்கிலப் பெயர் ஒன்று, சிங்களத்தில் தோரா, கடைக்காரர் வாயில் அறுக்குளா. மூன்றும் நம் வஞ்சிரம். சூடை என்றால் நம் மத்தி வகை, கணவாய் என்றால் நம் கடம்பா. அப்போதுதான் ஒன்று உறைத்தது: முப்பது வருஷம் மீன் வாங்கியிருக்கிறேன், ஆனால் மீனைப் பார்த்து நான் வாங்கியதே இல்லை. நொச்சிக்குப்பத்து அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிவதும் ஒரு சடங்குக்குச் செய்வேன். தீர்ப்பு அவருடையது. “அத்தத் தொடாத, நேத்து மீனு. இது காசிமேட்டுலருந்து வந்தது. இந்தா, இது காலைல நம்ம போட்டுல வந்தது” என்று அவர் எடுத்துப் போடுவதை வாங்கிக்கொண்டு வருவேன். உறைந்த பொட்டலத்துக்குச் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. பக்கத்தில் நின்று தொடாதே என்று சொல்லவும் ஆள் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

*

பேரன் பிறந்து ஒரு வாரம். ஞாயிறு மாலை. இதையும் சொல்ல வேண்டும்: இங்கிலாந்தில் 1994-ல் வந்த ஞாயிறு வணிகச் சட்டப்படி, 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவில். சின்னக் கடைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சாயங்காலமே ஷட்டரை இழுத்துவிட, விளக்கு எரிகிற கடை ஏஷியன் கடைதான். 1972-ல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் தொண்ணூறு நாள் கெடு வைத்துத் துரத்திய குஜராத்திகள் பலர் பிரிட்டனில் பெட்டிக் கடையில்தான் காலூன்றினார்கள். பிறகு வந்த நம் ஈழத்துத் தமிழர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். வேறு யாரும் உழைக்க விரும்பாத நேரத்தில் உழைத்ததுதான் முதல் முதலீடு. நாளுக்குப் பதினாலு மணி நேரம் கல்லாவில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று மருத்துவமனையில் டாக்டர்கள். கடையை எடுத்து நடத்த ஆளில்லை என்பது இப்போது அவர்களுடைய கவலை. அது தனிக் கதை.

அந்த ஞாயிறு நான் போய் ஆழ்குளிர்ப் பெட்டியில் கைவிட்டுத் துழாவினேன். ‘சுறா’ என்று தமிழிலேயே எழுதிய பொட்டலம் கிடைத்தது. வெள்ளைச் சதை, வட்டம் வட்டமான துண்டு. புதையல் கிடைத்தவள் போல இரண்டு எடுத்துக் கல்லாவில் வைத்தேன். கடைக்காரர் தொகை போடவில்லை.

“ஆருக்கு அக்கா?”

“மகளுக்கு. பிள்ளை பெத்திருக்கா. பால் சுறா புட்டு பண்ணலாம்னு.”

அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். உறைபனியைக் கட்டைவிரலால் துடைத்து என் பக்கம் திருப்பினார். “துண்டின்ரை அகலத்தைப் பாருங்கோ. என்ரை உள்ளங்கையை விடப் பெரிசு. பால் சுறா இவ்வளவு வராது. இது பெரிய சுறா. நீங்கள் கறிக்குக் கேட்டால் நான் தருவன். பிள்ளை பெத்தவளுக்கு வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்றது. கடலோரத்தில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு லண்டனில் ஒருவர் சுறா பாடம் நடத்துவதா? பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பொட்டலங்களைக் கொண்டுபோய்ப் பெட்டியிலேயே போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை விளைமீன் வரும் என்றார், பத்தியத்துக்கு அதுதான் அவர்கள் வீட்டு வழக்கம் என்றார். அதுவரைக்கும் சரக்குத் தூள் தருகிறேன், உள்ளி நிறையப் போட்டுச் சரக்குக் கறி வையுங்கோ என்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துப் பிரசவப் பொடி. காசு வாங்கிக்கொண்டார். கடைதானே, சும்மா கொடுப்பாரா.

வீட்டுக்கு வந்து மகளிடம் பொருமினேன். அவள் சிரித்துக்கொண்டே, கர்ப்பமாக இருந்தபோது கொடுத்த அரசு மருத்துவக் கையேட்டை எடுத்துக் காட்டினாள். கர்ப்பிணிகள் சுறாவைத் தொடவே கூடாது. பால் கொடுக்கிறவர்களும் மற்றப் பெரியவர்களும் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம். காரணம் பாதரசம். கடலில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்ன, சின்னதில் இருந்த பாதரசமெல்லாம் பெரியதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. மீன் எவ்வளவு பெரிசோ, எவ்வளவு வயசோ, அவ்வளவு சேர்மானம். முழங்கை நீளப் பால் சுறாவுக்கும், பொட்டலத்தில் இருந்த அந்த மலைத் துண்டுக்கும் வித்தியாசம் அதுதான். கையேடு எல்லாச் சுறாவுக்கும் ஒரே கோடு கிழித்தது. கடைக்காரர் துண்டின் அகலத்தைப் பார்த்துக் கோடு கிழித்தார். நொச்சிக்குப்பத்து மாமியார் எந்தக் கோடும் கிழிக்காமல் சின்னதாகப் பார்த்துக் கொண்டு வந்திருந்தார். மூன்று பேருக்குள்ளும் சண்டை இல்லை, எனக்குத்தான் இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் எந்த அலமாரியும் இதை எடுக்காதே என்று சொல்வதில்லை. இரண்டு எடுத்தால் மூன்றாவது இலவசம் என்றுதான் சொல்லும். வெள்ளிக்கிழமை போனேன், விளைமீன் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை நான் வேறு கடை தேடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனால், “அக்கா, முருங்கைக்காய் இண்டைக்கு வேண்டாம், முத்தல்” என்பார். “இந்த மாம்பழம் வடிவாத்தான் இருக்கும், இனிக்காது” என்பார். ஒரு முறை புட்டுமாவு வாங்கப் போய், அவர் பேச்சைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் நம்பவில்லை.

*

கடைக்காரர்களை எல்லாம் நான் மகான் ஆக்கவில்லை. அதே ஊரில் வேறொரு கடையில் வாங்கிய இட்லி அரிசிப் பையில் தேதிக்கு மேல் தேதி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் போன வருஷம் எட்டிப் பார்த்தது. கேட்டதற்கு, “அரிசி பழசானால்தானே நல்லது?” என்று பதில் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் எரிச்சல் அதிகம்.

2023 ஜூலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதம் 20-ம் தேதி இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. மறுநாளே அமெரிக்காவில் இந்தியக் கடை வாசல்களில் வரிசை. வண்டி நிறைய சோனா மசூரி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓடியவர்களின் படங்கள் இங்கே நம் தொலைபேசிக்கெல்லாம் வந்தன. அங்கிருந்து ஒரு வாசகி அப்போது எழுதியிருந்தார்: அவர் ஊரில் ஒரு கடையில் விலையை ஒரே ராத்திரியில் ஏற்றினார்கள், எதிர்க் கடையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். தடை அடுத்த வருஷம் செப்டம்பரில் நீங்கியது. அந்த வாசகி இப்போது எந்தக் கடையில் அரிசி வாங்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

சிகாகோவின் டெவான் அவென்யூவில் 1974-ல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய பட்டேல் பிரதர்ஸ் இன்று அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் கிளை பெருகப் பெருக, கல்லாவில் நிற்கிற பையனுக்கு முருங்கைக்காய் முத்தலா பிஞ்சா என்பது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல அவனுக்கு அதிகாரம் கிடையாது. பாரிஸின் லா ஷப்பேல், சிங்கப்பூரின் தேக்கா, டொரன்டோவின் ஸ்கார்பரோ என்று எங்கெங்கோ இருந்து இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். உங்கள் கடைக்காரர் எதையாவது உங்களை வாங்க விடாமல் தடுத்ததுண்டா? அதை எழுதி அனுப்புங்கள். என்ன வாங்கினீர்கள் என்பது வேண்டாம், அது பட்டியல்.

*

மே முதல் வாரம் திரும்பினேன். ஜெட்லாக் தெளிவதற்குள் விடிகாலையில் எழுந்து லூப் ரோட்டுக்கு நடந்தேன். தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஓய்ந்து கிடக்கும். நொச்சிக்குப்பத்து ஃபைபர் படகுகள் சிறியவை, அவற்றுக்குத் தடையில்லை. ஆகவே இந்த இரண்டு மாதமும் ஊரே இந்தக் கரையைத் தேடி வரும், விலையும் அதற்கேற்ப மரம் ஏறும்.

பழைய வாசகர்களுக்கு அந்த இடம் தெரியும். சாலையின் ஓரத்தில் பலகை போட்டு, குடை நட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் கடைகளை அகற்றச் சொன்னது. மீனவர்கள் சாலையிலேயே இறங்கி நின்றார்கள். கரை யாருடையது, சாலை யாருடையது, முதலில் வந்தது எது என்ற கேள்வி அன்றைக்குத் தெருவில் கிடந்தது. என் கட்சி எது என்று சொல்ல வேண்டுமா? அந்தக் கரையில் குப்பம் இருந்தபோது சாலை இல்லை. மறு வருஷம் ஆகஸ்டில் மாநகராட்சி அங்கேயே கூரை வேய்ந்த மீன் அங்காடி ஒன்றைத் திறந்தது, ஏறத்தாழ 15 கோடி ரூபாயில், 366 கடைகள். தண்ணீர் வசதி, கழிவுநீருக்கு வழி, வெயிலுக்கு நிழல். வெயிலில் நாற்பது வருஷம் உட்கார்ந்த பெண்களுக்கு நிழல் ஒரு சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் ஆறு மாதம் கழித்து உள்ளே போனபோது எனக்குத் திக்கென்றது. எல்லா மேடையும் ஒரே உயரம், ஒரே மாதிரி. என் மீன்கார அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தது அவர். “இன்னாம்மா, இளைச்சுப் போய்ட்ட? அங்க சோறு போடலியா?” என்று நான்கு மேடை தள்ளியிருந்து குரல். பேரன் படம் காட்டச் சொன்னார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, பக்கத்து மேடைக்குக் காட்டி, அங்கிருந்து அடுத்த மேடைக்குப் போய், கடைசியில் போன் செதிலோடு திரும்பி வந்தது.

“சுறா ஆக்கிப் போட்டியா?”

நடந்ததைச் சொன்னேன். பெரிய சுறா, பொட்டலம், எடுத்துக் கல்லாவில் வைத்தது, கடைக்காரர் திருப்பிப் பெட்டியில் போட்டது. அந்த அம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அவுரு எந்த ஊரு?”

“யாழ்ப்பாணத்துப் பக்கம். பருத்தித்துறை.”

“கடக்கர ஊரா?”

“ஆமா.”

“அதான் பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். அந்த விஷயம் முடிந்துவிட்டது. பிறகு லண்டனில் வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று கேட்டார். ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னதும் ஒரு முறை கடலைத் திரும்பிப் பார்த்தார்.

வஞ்சிரம் அன்று எனக்கு எட்டாத விலை. கானாங்கத்தை ஒரு கூறு கேட்டேன். எட்டு மீன் அள்ளி என் பையில் போட்டார். காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பையை மறுபடி பிடுங்கினார். உள்ளே கைவிட்டு இரண்டு மீனை வெளியே எடுத்து, அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“இது ரெண்டும் வேணாம், வவுறு ஒடஞ்சிருக்குது” என்று மேடையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறு இரண்டு தேடிப் போட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்